நீலமான பட்டை

பாலில் யூரியா கலந்திருந்தால் நீலமாக மாறும் காகிதப் பட்டை ஒன்றை, திருப்பதியில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நானும் என் பேராசிரியரும் உருவாக்கியிருந்தோம். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகப் பணம் வேண்டும். ஆராய்ச்சியாளர்களின் கண்டுபிடிப்புகளைத் தொழிலாக்க நிதி தரும் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்து, கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டோம். பால் ஊற்றும் இடத்திலேயே செய்துகாட்ட வேண்டும் என்றது தேர்வுக் குழு. கங்காதர நெல்லூர் பக்கம் இருக்கும் என் சொந்த ஊரிலேயே ஏற்பாடு செய்தேன்.

காலையில் பால் மையத்தின் முன்னால் வரிசை நின்றது. குழுவிலிருந்து இரண்டு பேர் காரில் வந்திருந்தார்கள். என் பேராசிரியரும் என்னோடு வந்திருந்தார். முதலில் வந்தவர்களின் பாலில் பட்டை வெள்ளையாகவே இருந்தது. அடுத்து எனக்குச் சித்தி முறையாகும் ஒருத்தி கேனை வைத்தாள். பட்டையை நனைத்தேன். மெல்ல நீலம் ஏறியது.

"வெரி குட்" என்றார் குழுவில் வந்தவர்களில் ஒருவர். "பிடிச்சிடுச்சு பாருங்க."

மையத்துக்காரர் கேனை ஒதுக்கி வைத்தார். "ஏந்தம்மா இதி?" என்னம்மா இது என்று தெலுங்கில் கேட்டார்.

சித்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "இப்பதான் கறந்துக்கினு வந்தேன். நான் எதுக்கும்மா கலக்கப் போறேன்?"

என் பேராசிரியர் என் பக்கம் திரும்பவேயில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நிதி எங்களுக்குத்தான். "மாட்டுக்கு என்ன தீனி வெக்கறீங்க சித்தி?" என்று கேட்டேன்.

"கன்னு போட்ட மாடு. கடலைப் புண்ணாக்கு நெறைய வெக்கறேன்."

புண்ணாக்கு அதிகம் தின்றால் பாலில் இயற்கையாகவே யூரியா கூடும். அது தெரிந்துதான், அந்த இயற்கை அளவைத் தாண்டினால் மட்டும் நீலமாகும்படி பட்டையைச் செய்திருந்தோம். நாங்கள் வைத்த அளவே தவறோ என்று அப்போதுதான் தோன்றியது.

"மாட்டுக்கிட்டயே போய்ப் பார்ப்போம் சார்" என்றேன் குழுவில் வந்தவரிடம். "பட்டை தப்பாக் காட்டியிருக்கலாம்."

எல்லாரும் சித்தியின் கொட்டகைக்கு நடந்தோம். கன்றுக்கென்று ஒரு காம்பைக் கறக்காமல் விட்டிருந்தாள். நான் கொண்டுபோன கண்ணாடிக் குவளையில் அதைக் கறந்தாள். பட்டையை நனைத்து எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தேன். நீலம்.

"மாடே யூரியா கலக்குதா?" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. மையத்துக்காரர் திரும்பிப் போய் அவள் பாலை ஊற்றிக்கொண்டார்.

காரில் ஏறும்போது, குழுவில் வந்த அதே ஆள் கேட்டார்: "உங்க பொருளை நீங்களே தோக்கடிச்சிட்டீங்களேம்மா?"

"அந்தம்மா திருடின்னு பேர் வாங்கியிருப்பாங்க சார்."

அவர் தலையசைத்தார். அது எதற்கான தலையசைப்பு என்று தெரியவில்லை. திருப்பதி திரும்பிப் பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது, "நாளைக்கு அளவை முதல்ல இருந்து பார்ப்போம்" என்றார் பேராசிரியர்.

அந்த முறை எங்களுக்கு நிதி கிடைக்கவில்லை. பல வகைத் தீனி தின்னும் மாடுகளின் பாலைச் சேகரித்து அளவை மாற்றினோம். அடுத்த முறை கிடைத்தது, கேட்டதைவிடக் குறைவாக.

அதைச் சொல்ல ஊருக்குப் போனேன். சித்தி காபி கொடுத்தாள்.

"நீ அன்னிக்குப் பேசலன்னா இந்த ஊர்ல நான் பால் ஊத்தியிருக்க முடியாது" என்றாள். "ஆனா அந்தக் காகிதத்த மட்டும் இந்த வாசப்படிக்குள்ள கொண்டாராத கண்ணு."

சரி என்றேன்.