கல்லில் இருக்கும் பெயர்

என் அக்காள் புருஷன் தெய்ன் ஹால்வர்சன் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஐடஹோவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் அவர் வண்டியில் ஏறாத ஆள் கிடையாது. எங்கள் சபையை நடத்தும் இப்போதைய பிஷப்பே சின்ன வயதில் அதில் வாந்தி எடுத்தவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு இன்று யாரும் போவதில்லை. நானும் மூன்று மாதம் போகாமல் இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மார்மன் கிறிஸ்தவ சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். காலி வயிற்றோடு ஒவ்வொருவராக மேடையேறிச் சாட்சி சொல்வோம். கடவுளும் சபையும் உண்மை என்று "நம்புகிறேன்" என்றால் யாருக்கும் திருப்தி இருக்காது. "எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். பால்பல் விழாத பிள்ளைகூட, அம்மா காதில் ஓத ஓத அதைத்தான் சொல்லும். என் அக்காள் லவோனா மாதம் தவறாமல் ஏறிவிடுவாள். மச்சான் கீழே பெஞ்சில் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்காள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டாள். "வந்துடறேன்" என்றார். ஆலயத்தில் முத்திரையிட்டுக் கல்யாணம் செய்தவர்களுக்குச் சாவோடு பந்தம் முடிவதில்லை, மறுமையிலும் அவர்கள் புருஷன் பெண்டாட்டிதான். அந்தத் தெம்பில்தான் அவள் கண்ணை மூடினாள்.

அடுத்த உபவாச ஞாயிறு மச்சான் வாழ்நாளில் முதல்முறையாக மேடையேறினார். பெண்களெல்லாம் கைக்குட்டையை எடுத்துத் தயாராகிவிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "எனக்குத் தெரியாது. இருபது வருஷமாவே தெரியாது. அவளுக்காகத்தான் வந்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஏதோ ஒரு குழந்தையின் தின்பண்ட டப்பா கீழே விழுந்து உருண்ட சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் சபைக்காரர்கள் வீடுகளிலிருந்து உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட பதார்த்தம் வந்தது, பச்சை ஜெல்லி வந்தது, கூடவே அறிவுரையும் வந்தது. பிறகு அறிவுரை மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. யாரும் அவரை வெறுக்கவில்லை. கடையில் பார்த்தால் முன்னைவிட அதிகமாகவே சிரித்தார்கள். மாலையில் அவர் சமையலறை விளக்கு ஒன்றுதான் எரியும்.

நான் மட்டும் போய்வந்தேன். அக்காள் போய் மூன்று வருஷம் இருக்கும், ஒருநாள் வீடு முழுக்கக் காப்பி வாசனை. எங்கள் சபையில் காப்பி விலக்கு.

"என்ன மச்சான், வாசனை தெருவையே தூக்குது?"

"தப்பாப் போட்டுட்டேன் மாப்ள, வாயில வைக்க முடியல. பாவம்தான் பண்றோம், கொஞ்சம் ருசியாவாவது இருக்கக் கூடாதா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதுதான் மேஜைமேல் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். சபைப் பதிவிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் இல்லை.

"பேரை எடுத்தா முத்திரையும் போயிடும் மச்சான்."

"தெரியும். அதான் ரெண்டு வருஷமா இங்கயே கிடக்கு."

"நீங்கதான் அதெல்லாம் நம்பலையே, அப்புறம் என்ன?"

"நான் நம்பல. அவ நம்பினாளே."

கடிதம் இப்படியே கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பிப்ரவரியில் ஒருநாள் போன் செய்து, கடிதத்தை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "வந்துடறேன்னு அவகிட்ட ஒரு தடவ பொய் சொல்லிட்டேன் மாப்ள. அந்தப் பதிவுல பேரு இருக்கற வரைக்கும் அதையே தெனமும் சொல்ற மாதிரி இருக்கு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "எங்க அக்காவ அங்க அநாதையா விட்டுட்டீங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதன்பிறகுதான் அந்த மூன்று மாதம்.

மே மாதக் கடைசியில், இறந்தவர்களை நினைக்கும் நாளில், எல்லாரும் கல்லறைக்குப் பூ வைப்போம். கூட்டம் சேருமுன் போய்விடலாம் என்று தோட்டத்துப் பியோனிப் பூக்களோடு விடிந்ததும் போனேன். மடக்கு நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். கல்லில் ஆலயத்தின் படம், அதன்கீழே முத்திரையிட்ட தேதி, அக்காள் பெயர். பக்கத்திலேயே அவர் பெயரும் பிறந்த வருஷமும். அக்காள் இறந்தபோதே செதுக்கிவைத்தது. இறந்த வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"நம்பிக்கையில்லாதவருக்கு இங்க என்ன வேலை?" என்றேன். கோபம் இன்னும் போகவில்லை.

"வீட்டுல பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா மாப்ள? தெனமும் இங்கதான் வர்றேன்."

நான் பூவை வைத்தேன். அவர் அந்த வெற்றிடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார். "நான் செத்தா இங்கதான வைப்பீங்க? உங்க பதிவுலதான் இப்ப நான் இல்லையே."

இதைக் கேட்கத்தான் தினமும் வந்து உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

"பேரு கல்லுல இருக்கு மச்சான். அத அழிக்க எந்த பிஷப் வந்தாலும் என்னத் தாண்டித்தான் வரணும்."

அவர் தலையை ஆட்டினார். நாற்காலிக்கடியில் இருந்த பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பியை ஊற்றி நீட்டினார். "இப்ப நல்லாப் போடப் பழகிட்டேன்."

வாங்கிக்கொண்டு ஈரப் புல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடிக்கவில்லை. ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.