நகராத கொடி

பேருந்து நடத்துநராக நின்றே பிழைத்தவளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்ததும் கட்டிலே கதி என்றாயிற்று. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக் கிடந்தது. கர்ப்பப்பை பெரிதாகும்போது பெரும்பாலும் மேலே போய்விடும், ஏழாம் மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரை வேலை கூடாது, பாரம் கூடாது. ஒரு துளி ரத்தம் பட்டாலும் வந்து சொல்ல வேண்டும்.

நான்கு வயது மகள் கையை நீட்டினாலும் தூக்க முடியாது. கட்டிலிலிருந்து தெரிந்தது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும். எழுந்தால் மாமியார், "எங்க கெளம்பிட்ட, கடைசி ட்ரிப்பா?" என்பார்.

"ஊரையே நகரு நகருன்னு வெரட்டுனவ. அந்தக் கொடியையும் ஒரு அதட்டல் போடேன்," என்றான் மெக்கானிக் கணவன்.

"அது டிக்கெட் எடுக்காத ஆளு. சொன்னா கேக்காது."

ஏழாம் மாத ஸ்கேன் அன்று காலை, உள்ளாடையில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவப்பு. சத்தமில்லாமல் அலசிப் போட்டாள். சொன்னால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வார்கள். அவள் இல்லாமல் மகள் தூங்க மாட்டாள். கொடி மேலே போயிருந்தால் இந்தக் கறை ஒரு பொருட்டில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இருட்டறையில் ஸ்கேன் டாக்டர் வயிற்றின் மேல் பார்த்தார். பிறகு உள்வழியாகவும் பார்த்தார்.

"மேல போயிருச்சா மேடம்?"

"இல்லம்மா. வாயை முழுசா மூடித்தான் இருக்கு. முதல் பிரசவ ஆபரேஷன் தழும்புல ஒட்டல, அதுவரைக்கும் நல்லது. ரத்தம் ஏதாவது பட்டுச்சா?"

'இல்லை' என்று சொல்லிவிட்டால் மதியத்துக்குள் வீடு. வாய்வரை வந்தது அந்தச் சொல். திரையில் பிள்ளையின் நெஞ்சு படபடவெனத் துடித்தது. அதற்கும் வாசல் அடைத்துத்தான் கிடந்தது.

"காலையில. கொஞ்சம். அலசிட்டேன்."

டாக்டர் வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துவிட்டு, சக்கர நாற்காலிக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

வார்டில் கணவன் வெறுங்கையோடு நின்றான்.

"பாப்பாகிட்ட என்னன்னு சொல்ல?"

"அம்மாவுக்கு டபுள் டூட்டின்னு சொல்லு."

"எப்ப முடியும்னு கேப்பாளே."

நர்ஸ் வந்து கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி மாட்டினாள்.