‘ஓல் றைட் சேர்’ என்று சொன்னவரின் நெஞ்சு

முதலில் வந்தது இருமல் இல்லை. என் கணவர் மாடிப்படியின் நடுவில் நின்று கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

நாங்கள் அப்போது பயர் பிரிகேட்காரர்களின் குவார்ட்டர்ஸில் மேல்மாடியில் குடியிருந்தோம். கொழும்பில் எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. நான் அறிந்த குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. மணி அடித்தால் அந்தப் படிகளில் தாவி இறங்கி, சட்டைப் பொத்தானை எஞ்சினில் ஏறிய பிறகு போடுகிற மனிதர் சந்தியாகு. அவர் மரக்கறிப் பையோடு பாதிப் படியில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தேன்.

“என்ன, ஏன் நிண்டுட்டீங்கள்?”

“கப்பல் ஒண்டு வருது. பாக்கிறன்.”

துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மனிதருக்குக் கப்பல் என்ன புதினமா? உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித் திடீரென்று கப்பல் பார்க்கத் தொடங்கினால், என்னைப்போலச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பாருங்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், இரண்டாம் உலக யுத்தம் தொடங்காத காலம், துறைமுகத்துப் பக்கம் ஒரு றப்பர் ஸ்டோர் எரிந்தது. றப்பர் புகை மற்றப் புகைபோல மேலே போகாது. கறுப்பாகத் தடித்து, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் நனைத்த லேஞ்சித் துணியை வாயில் கட்டிக்கொண்டு அதற்குள் போனார்கள். மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தார்கள்.

எஞ்சின் திரும்பியதும் முற்றத்தில் வரிசையாக நிற்பது வழக்கம். சுப்பிரின்டென்ட் துரை ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, சுகமா என்று இங்கிலீஷில் கேட்பார். பதில் ஒன்றுதான்: “ஓல் றைட், சேர்.” கால் முறிந்தால் சொல்லலாம். கை வெந்தால் மறைக்க முடியாது. ஆனால் புகை நெஞ்சுக்குள் போய்விட்டது என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் ‘புகைக்குப் பயந்த ஆள்’ என்று பெயர் வரும். அந்தப் பெயரோடு அங்கே வேலை செய்ய முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர்களோ அழாமல் இருப்பதையும் வேலையில் ஒரு பாகமாகப் பழகியிருந்தார்கள்.

பெண்கள் நாங்கள் மேலே விறாந்தையில் நின்று, எங்கள் எங்கள் ஆளின் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்போம். அன்றும் சந்தியாகுவின் குரல் வந்தது. நிம்மதியோடு சோறு போட உள்ளே போனேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவரும் வேறு சிலரும் கறுப்பாக வாந்தி எடுத்ததாக அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள்.

பத்திரிகையில் அந்த நெருப்பைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். எவ்வளவு றப்பர் தப்பியது, துரை எப்படிக் கட்டளையிட்டார், அக்கம்பக்கத்துக் கம்பனிக் கனவான்கள் எவ்வளவு உற்சாகமாக வாளி தூக்கினார்கள் என்றெல்லாம் இருந்தது. உள்ளே போனவர்கள் ‘படையினர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். அடுப்பு மூட்ட அந்தத் தாள் உதவியது. பித்தளை ஹெல்மெட்டை உடனே மினுக்க வேண்டும் என்று கட்டளை வந்ததால், புளி போட்டு நான்தான் தேய்த்தேன். வெளிப்பக்கம் முகம் தெரியுமளவு பளபளத்தது. உள்ளே தோல்பட்டியில் ஏறிய கரி போகவில்லை.

மூன்றாம் மாதம் அவரால் படுக்க முடியாமல் போனது. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தே தூங்கினார். அப்போதும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். பொறுமை இழந்து, நீங்கள் வராவிட்டால் நானே முற்றத்தில் போய் நின்று துரையிடம் சொல்வேன் என்றேன். அதற்குப் பயந்து வந்தார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது, அவசரப்படாதவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கொளுத்தினார்.

“வாயைக் குவிக்காமல், நல்லாத் திறந்து ஊதி இதை நூத்துவிடுங்கோ.”

சந்தியாகு ஊதினார். சுடர் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. டொக்டர் இன்னொரு குச்சி கொளுத்தினார். அது டொக்டரின் விரல்வரைக்கும் எரிந்தது.

“என்ன வேலை செய்யிறீங்கள்?”

“பயர் பிரிகேட்.” சொல்லிவிட்டு இவரே சிரித்தார். “ஒரு எஞ்சின் அனுப்பச் சொல்லுங்கோ, டொக்டர்.”

டொக்டர் சிரிக்கவில்லை. நோயின் பெயரை அவர் அதன் பிறகுதான் சொன்னார்: எம்பிசீமா (நுரையீரலின் காற்றறைகள் தளர்ந்து, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாத நிலை). அதோடு புரொங்கைட்டிஸ் (மூச்சுக்குழாய் அழற்சி). கெட்டுப்போன காற்றறை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

“இது அந்தப் புகையாலதானே?” என்று கேட்டேன்.

“எல்லா நெருப்புப் புகையும் சேர்ந்ததம்மா. கடைசிப் புகை மிச்சத்தையும் முடிச்சிருக்கு. நான் எழுதித் தாறன். ஆனா அண்டைக்கே ஒரு டொக்டரிட்டக் காட்டியிருந்தா, ஒருத்தரும் மறுக்கேலாது.”

பிரிகேட்டில் மறுப்பார்கள் என்று டொக்டருக்குத் தெரிந்திருந்தது. வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டால், மணிக்கூண்டு அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்து எங்களைக் குவார்ட்டர்ஸிலேயே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ‘உடல் தகுதியற்றவர்’ என்று அனுப்பிவிடுவார்கள். சந்தியாகுவுக்கு வீட்டைவிட அந்தச் சொல்தான் வலித்தது.

துரையைப் பார்க்க நானும் போனேன். கன்னியர் மடத்தில் படித்த இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார், டொக்டரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சொன்னார்: “அன்றைக்கு நானே இவர் முன்னால் நின்று கேட்டேன். சுகம் என்று சொன்னார். இப்போது நான் எதை நம்புவது?”

அந்த வரிசையில் வேறு பதில் சொல்ல இடமிருந்ததா என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் சுவரை ஒட்டி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார், அப்போதும் இளைப்பதை மறைத்தபடி. எனக்கு வந்த ஆத்திரம் துரைமேல் பாதி, இவர்மேல் பாதி. மாத முடிவில் வீட்டை விட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

சிகிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்களுக்கு உதவலாம். மூச்சு முட்டும்போது படுக்க வைக்காதீர்கள். முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி உட்காரட்டும். சுடு பிளேன் டீயை ஊதிக் குடிப்பதுபோல உதட்டைக் குவித்து, மெல்ல, நீளமாக மூச்சை வெளியே விடட்டும். எபிட்ரின் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) குளிசை கொடுத்தார்கள். அதைக் குடித்தால் நெஞ்சு படபடக்கும். ஊமத்தை இலைச் சுருட்டு ஒன்றும் மருந்தென்று கொடுத்தார்கள். புகையால் வந்த நோய்க்குப் புகையே மருந்தா என்று அதை ஜன்னலால் எறிந்தேன்.

நாங்கள் சாமான் கட்டத் தொடங்கிய வாரத்தில் ஒரு எண்ணெய் ஆலை பற்றியது. விடிய எஞ்சின் திரும்பி வந்தது. நான் விறாந்தைக்குப் போகவில்லை. போவதற்கு எனக்கு அங்கே ஆள் இல்லை. கதவு மட்டும் திறந்திருந்தது. கீழே சப்பாத்துகள் வரிசையாகும் சத்தமும், துரையின் குரலும் கேட்டன.

கதிரையில் உட்கார்ந்திருந்த சந்தியாகு முதுகை நிமிர்த்தினார். “ஓல் றைட், சேர்,” என்று அவர் உதடுகள் தம் பாட்டில் சொல்லின.

வரிசையின் முதல் ஆள் எஞ்சின் ஓட்டும் காசிம் நானா. இவரோடு ஒரே நாளில் சேர்ந்தவர். கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

“நோட் ஓல் றைட், சேர். நெஞ்சு எரியுது.”

அடுத்தவர் சிங்களவர். “நோட் ஓல் றைட், சேர்.” பிறகு அடுத்தவர். அதே பதில் வரிசையின் கடைசிவரை போனது. ஒருவரும் சத்தமாகச் சொல்லவில்லை. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு டொக்டரை அழைத்துவரச் சொன்னார் என்று காசிம் நானா எங்களுக்குச் சாமான் ஏற்ற வந்தபோது சொன்னார்.

“நாங்க முந்தியே சொல்லியிருக்கணும், சந்தியாகு,” என்றார் அவர். “நாங்க எல்லாரும் உன்னோட சேர்ந்துதானே அண்டைக்குப் பொய் சொன்ன?”

என் கணவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். அழுதால் மூச்சு முட்டும். ஆனாலும் நான் தடுக்கவில்லை.

எங்களுக்கு உத்தரவு மாறவில்லை. ஜிந்துப்பிட்டியில், படியில்லாத ஓர் அறைக்கு வந்தோம். இப்போது ஒவ்வொரு நெருப்புக்குப் பிறகும் அந்த முற்றத்துக்கு ஒரு டொக்டர் வருகிறாராம்.

இங்கே எல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறது. கோயில் வாசலுக்கு நடந்துபோய் வர ஒரு காலை முழுதும் ஆகும். அவர் நிற்கும் இடங்களில் நானும் நிற்கப் பழகிவிட்டேன். கப்பல் பார்ப்பதாக இப்போது ஒருவரும் சொல்வதில்லை. காலையில் எழும்பியதும் “எப்பிடி இருக்கு?” என்று கேட்பேன். அவர் உடனே பதில் சொல்லமாட்டார். மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, வெளியே விட்டுப் பார்ப்பார். அதுவரை பிளேன் டீயோடு காத்திருப்பேன்.

“சரியில்லை,” என்றார் இன்று.

ஜன்னலைத் திறந்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.