அம்மா எழுதிய கதை

இன்று மாமல்லபுரம் பேருந்தில், என் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

இறந்தகால வினைகளைப் பழக்குவதற்காக, குழந்தைகளைச் சொந்தமாக ஒரு கதை எழுதிவரச் சொல்லியிருந்தேன்.

“இன்னா சார், தப்பே இல்லாத கதைக்கு மார்க்கு போடல?”

“அது நீங்கள் எழுதியதம்மா.”

“ஆமா, வேலவுட்டு வந்து குந்திகினு எழுதினேன். அவ எழுதினது முச்சூடும் தப்பு. கிழிச்சிப் போட்டுட்டேன்.”

பிழையைத் திருத்தத்தானே நான் இருக்கிறேன் என்றேன். அவள் என்ன எழுதியிருந்தாள் என்றும் கேட்டேன்.

“கடலு வூட்டுக்குள்ள வந்து டிவி பாத்துச்சாம். கடலு எங்கனா டிவி பாக்குமா சார்?”

அசந்துபோனேன். மற்ற வீடுகளிலிருந்து வந்த கதைகளிலும் பிழையே இல்லை. படிக்கவும் ஒன்றும் இல்லை.

திங்களன்று அவளை மறுபடி எழுதச் சொல்வேன். எழுதுவாளா, தெரியவில்லை.

உங்கள் வீட்டில் கதை எழுதுவது யார்?