நூர்முகமது நோன்பு திறந்த மாலை

கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த நூர்முகமதுவுக்கு ஒரு பீடிப் பழக்கம்கூடக் கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோதும் நோன்பை விடாத மனிதர். மனைவி சம்சாத் பேகத்துக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

சுனாமி வந்த வருஷத்து ரமலான். அன்றைக்குப் பட்டறையில் வேலை மும்முரம். பாங்கு சொன்னதும் கைக்கு எட்டிய சர்பத் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். இன்ஜின் சூடேறாமலிருக்க வண்டிக்கு ஊற்றி மீந்த கூலன்ட்டை யாரோ அதில் ஊற்றி வைத்திருந்தார்கள். பச்சை நிறம், நல்ல இனிப்பு. பகலெல்லாம் காய்ந்த நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கால் பின்னியது, பேச்சுக் குழறியது. டீக்கடை சுப்புராமன் தாங்கிப் பிடித்து வீடு வரை கொண்டுவந்தான்.

"இன்னா பாயம்மா, பாய் இன்னிக்கு வேற மாதிரி நோம்பு தொறந்துகீறாரு போல."

"வாய மூடிகினு போ, சுப்பு."

அவனை விரட்டினாளே தவிர, அவளுக்கும் அதே எண்ணம்தான். அவர் காரணமில்லாமல் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயை மோந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஆட்டோ கூட்டியாறேன்மா, ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்," என்றான் மகன் ஷபீர்.

"வாணாண்டா. பள்ளிவாசல்லேருந்து தெருவே வர்ற நேரம். மானம் பூடும். தூங்குனா தெளிஞ்சிடும்."

கதவைச் சாத்தினாள். நோன்புக் கஞ்சி ஆறிப்போய்க் கிடக்க, தொழுகைப் பாயில் உட்கார்ந்து, அவர் செய்யாத பாவத்துக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு அழுதாள்.

விடிந்தும் தெளியவில்லை. மூச்சு இரைத்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்ன குடித்தார் என்று அங்கே கேட்க, ஷபீர் பட்டறைக்கு ஓடி அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தான். விஷமுறிவில் ஆராய்ச்சி செய்துவந்த டாக்டர் வைஷாலி அதைப் பார்த்துவிட்டு சம்சாத்திடம் திரும்பினார்.

"பாம்புக்கடின்னா ஃப்ரிட்ஜ்ல மருந்து இருக்கும்மா. இதுக்கான மருந்து இங்க கிடைக்கிறதில்ல. அது இல்லாத எடத்துல சாராயச் சத்துதான் மாத்து. இந்தத் தண்ணி ஒடம்புக்குள்ள போய் விஷமா மாறாம அது தடுக்கும். நேத்தே குடுத்திருக்கணும். இப்பவும் குடுக்கறோம், ஆனா கிட்னி போயிடுச்சு."

"குடிச்சிட்டாருன்னு நெனச்சிதாம்மா வூட்லயே வெச்சிருந்தேன்," என்றாள் சம்சாத்.

பக்கத்துக் கட்டிலில் கண்ணாடிவிரியன் கடித்துக் கிடந்த கடப்பாக்கம் காசிநாதன் சில நாளில் எழுந்து உட்கார்ந்தார். "வர்றேன் பாய், சீக்கிரம் எந்திரிச்சு வாங்க," என்று சொல்லிவிட்டுத் தன் காலாலேயே வெளியே நடந்து போனார்.

எப்போது குடித்தார், எப்போது கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்து வருகிறவருக்கு உதவும் என்றார்.

"நான் கதவச் சாத்துனதையும் எழுதிக்கோம்மா," என்றாள்.

பெருநாளைக்கு முன்னால் ஒருநாள் நூர்முகமது கண் திறந்தார். உதடு அசைந்தது. சம்சாத் குனிந்து காதை வைத்தாள்.

"அன்னிக்கு நோம்பு கூடுச்சா, முறிஞ்சிடுச்சா?"

"கூடுச்சுங்க."

மருந்தாக ஏற்றிய சாராய வாடை அந்த வாயிலிருந்து வந்தது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக. நிமிராமல், அவர் மூச்சு நிற்கும்வரை அவள் அதை மோந்துகொண்டே இருந்தாள்.