கம்பிக் கதவின் சாவி

என் வீட்டுக் கடுகு டப்பாவில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி கிடக்கிறது. அதற்கான பூட்டு எங்கேயும் இல்லை. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமே என்கிறாள் மருமகள். போடமாட்டேன்.

நாங்கள் நைனா என்று கூப்பிட்ட என் அப்பா, திருத்தணிக்கு முந்தின ஒரு சின்ன ஸ்டேஷனில் போர்ட்டர். யுத்த காலம். மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிப்பது, நெம்புகோலை இழுத்துக் கைகாட்டி சிக்னலை இறக்குவது, மூன்றாம் வகுப்பு ஜனங்களைக் கம்பிக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைப்பது, எல்லாம் அவர் வேலை. ரயில் வந்து நின்ற பிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும். அதுதான் சட்டம். முதல் வகுப்பு ஆட்களுக்குப் பிளாட்பாரத்தில் நாற்காலி போடுவார்கள். பட்டாள வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்று எங்கள் வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும். கதவைத் திறந்து பாதிப் பேர் ஓடுவதற்குள் அது நகர்ந்துவிடும். மனுஷர்களை மாடு மாதிரி அடைத்து வைப்பதில் என்ன ஒழுங்கு இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், ஒரு கூலிக்காரப் பெண் காவடியோடு வந்திருந்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் ஏறிவிட்டான். அவள் கதவு நெரிசலில் மாட்டிக்கொண்டாள். வண்டி போய்விட்டது. அவள் அழவில்லை, காவடியைத் தோளில் வைத்துத் தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்தாள். அன்று நைனா சாப்பிடவில்லை.

மறுநாள் அம்மாவும் நானும் மலைக்குப் போகக் கூட்டத்தில் நின்றிருந்தோம். நைனா எங்கள் பக்கம் வந்தார். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றார்.

“இன்னாங்க, நீங்களும் உள்ள பூந்துகினு பூட்டறீங்க?” என்றாள் அம்மா.

“இன்னிக்கி நானும் பாசஞ்சர்தான்.”

தூரத்தில் ரயில் கூவியது. கைகாட்டி இறங்கவில்லை, அது இறங்காமல் வண்டி ஸ்டேஷனுக்குள் வர முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டோடு ஓடிவந்து நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். அவர் அதுவரை அதைத் தொட்டதே கிடையாது. அடியில் இருக்கும் கொக்கியைக் காலால் மிதித்தால்தான் அது அசையும், அது நைனாவுக்குத்தான் தெரியும். ரயில் மறுபடி கூவியது. மாஸ்டர் வேர்த்துப்போய்க் கதவருகே வந்தார்.

“யோவ், வெளிய வாய்யா.”

“வர்றேன் சாமி. வந்தா எல்லாரும்தான் வருவோம். வண்டி வர்றதுக்கு முன்னாடியே.”

மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார், கைகாட்டியைப் பார்த்தார். “தொறந்து தொலை” என்றார்.

“ஆங்” என்றார் நைனா.

நாங்கள் வெளியே வந்து பிளாட்பாரம் நெடுக வரிசையாக நின்றோம். அதற்கப்புறம்தான் அவர் தண்டவாளத் துண்டை அடித்தார், கொக்கியை மிதித்து நெம்புகோலை இழுத்தார். அந்த வண்டிக்கு ஒருவர்கூடப் பின்தங்கவில்லை.

பத்து நாளில் அரக்கோணம் ரயில்வே ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. மன்னிப்புக் கடிதமும் சாவியும் சேர்த்துக் கொடுத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அம்மா கெஞ்சினாள்.

“சாவிய கேட்டா குடுப்பேன். நான் இன்னா தப்பு பண்ணேன், எழுதிக் குடுக்க?” என்றார்.

கடிதம் இல்லாமல் சாவியை வாங்க அவர்கள் தயாராக இல்லை. நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டு கே.ஜி.கண்டிகை கிராமத்துக்குப் போனோம். நைனா வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குக் களை பறித்தார். அம்மா கடைசிவரை அவரைத் திட்டினாள், ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை முதலில் சொல்வதும் அவள்தான். பசித்த நாட்களில் நானும் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

போன மாதம் அந்த ஸ்டேஷனில் இறங்கினேன். கதவு இல்லை. சிமெண்டில் அறுத்துவிட்ட கம்பிகளின் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. ஜனங்கள் அவற்றை மிதித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்து எண்ணெய் தடவி வைத்தேன். இன்றைக்கு யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். கடிதம் மட்டும் கிடைக்காது.