மேகமலை ஏறப் போய், தேனியில் அளவெடுத்துக்கொண்ட கதை

சைக்கிளில் மேகமலை ஏற வேண்டும் என்று எனக்கு இரண்டு வருட ஆசை. அதற்குக் குறுக்கே நின்றது என் இடது முழங்கால். திண்டுக்கல்லில் வீட்டை விட்டுக் கிளம்பி நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் போதும், முழங்கால் சில்லுக்குக் கீழே ஊசி குத்துவது போல வலி தொடங்கிவிடும். கூடவே இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பில் கோளாறு இல்லை. சைக்கிளை விட்டுவிடுங்களேன்" என்றார். நாற்பத்து மூன்று வயதில் எனக்கென்று இருக்கும் ஒரே பொழுதுபோக்கு அது. எப்படி விடுவது?

போடியில் வாக்கப்பட்டிருக்கும் என் தங்கை மகேஸ்வரியிடம் போனில் இதைப் புலம்பியபோது அவள்தான் சொன்னாள். "அண்ணே, தேனியில ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா சைக்கிளுக்கு அளவெடுத்துச் சரி பண்ணிக் குடுக்குறாகளாம். வந்து பாரேன். நானும் கூட வர்றேன்."

அப்படித்தான் தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினேன். முன்சக்கரத்தைக் கழற்றி சைக்கிளைக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டேன். வத்தலக்குண்டு, கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாகத் தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழியில் காபிக்கு நின்றதையும் சேர்த்து இரண்டு மணி நேரம். சனிக்கிழமை பைக் ஃபிட்டிங் என்கிற இந்த அளவெடுப்பு, ஞாயிற்றுக்கிழமை மேகமலை, திங்கட்கிழமை அலுவலகம் என்பது என் திட்டம். அந்தத் திட்டம் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கடைவீதியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது அந்த டாக்டரம்மா ஷீபாவின் அறை. கீழே இருப்பது அவர் குடும்பத்துக் கடை. கோயம்புத்தூரில் படித்து, விளையாட்டு வீரர்களோடு சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மகேஸ்வரி எனக்கு முன்பே போடியிலிருந்து பஸ்ஸில் வந்து காத்திருந்தாள்.

சைக்கிளைத் தொடுவதற்கு முன் என்னைத்தான் முக்கால் மணி நேரம் பார்த்தார் ஷீபா. முன்பு எங்கே அடிபட்டது, நாளெல்லாம் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறேன், வலி ஏறும்போது வருகிறதா இறங்கும்போதா என்று கேள்விகள். பிறகு மேசையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். என் கால் பாதி உயரத்துக்கு மேல் எழவில்லை. "தொடைக்குப் பின்னாடி கட்டையா இருக்கு சார்" என்றார். ஒரு மெத்தையில் உட்கார வைத்து, பதிந்த தடத்தை வைத்து இடுப்பெலும்பின் அகலத்தைக் குறித்துக்கொண்டார். அதன் பிறகுதான் சைக்கிளை நிலையான தாங்கியில் பூட்டி என்னை மிதிக்கச் சொன்னார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் வெள்ளைப் பொட்டு ஒட்டிப் பக்கவாட்டில் வீடியோ எடுத்தார்.

வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. முழங்கால் மடங்கியபடியே சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்ததால் வழுக்கி முன்னால் போய், உடம்புப் பாரம் முழுவதையும் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தேன். "நீங்க கைப்பிடியப் பிடிக்கல சார், அதுமேல நிக்கிறீங்க" என்றார். சீட் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தது, மட்டமானது. கைப்பிடியை இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றை மாட்டினார். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு மறுபடி மிதிக்கச் சொல்லி மறுபடி வீடியோ. மொத்தம் மூன்று மணி நேரம் ஆனது. கட்டணம் நான்காயிரம். தண்டுக்குத் தனியாக எண்ணூறு.

"நாளைக்கு மேகமலை" என்றேன் உற்சாகமாக.

"வேணாம் சார். புது அளவுக்கு உடம்பு பழகணும். ரெண்டு வாரம் சமதரையில ஓட்டுங்க. மலை எங்கேயும் போயிறாது."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. இதற்காகத்தானே வந்தேன்? ஆனால் அந்த நேரத்தில் மகேஸ்வரி பேசியதால் என் ஏமாற்றத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது.

அவள் அதுவரை ஜன்னலோரம் நின்றே இருந்தாள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. பாரத்தை இடது காலில் போட்டு நிற்பது இப்போது அவள் வழக்கம். மூன்று வருடத்துக்கு முன் போடி சாலையில் அவள் ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. வலது தொடையெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. விபத்துக்குச் சில மாதம் முன்புதான் தோழிகளோடு ஓட்டவென்று ஒரு சைக்கிள் வாங்கியிருந்தாள். குணமான பிறகு ஒரே ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று இறங்கிவிட்டாள். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, நான் உட்பட.

"எலும்பு உடைஞ்ச காலுக்கும் இது ஆகுமா?" என்று கேட்டாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஷீபா அவளை மேலும் கீழும் பார்க்கவில்லை. நேராகக் கேட்டார். "டாக்டர் சைக்கிள் ஓட்டலாம்னு சொன்னாகளா அக்கா?"

"நல்லதுன்னுதேன் சொன்னாக. என்னாலதேன் முடியல."

"எக்ஸ்ரே இருக்கா? படத்தப் பாக்காம நான் கை வைக்க மாட்டேன். சைக்கிளையும் கொண்டு வாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு யாரும் இல்ல."

தேனியிலிருந்து போடி பதினைந்து கிலோமீட்டர். மகேஸ்வரியோடு காரில் போனேன். அவள் கணவர் சேகருக்கு ஏலக்காய் வியாபாரம். கடைக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும் வாசனை. சைக்கிள் பின்கட்டில் சாக்குகளுக்குப் பின்னால் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். சேகர் தராசில் இருந்த சரக்கைக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீங்க ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவீக. மறுபடி இவ விழுந்தா ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காரப் போறது நான்தேன்."

அந்த வராந்தாவில் பதினெட்டு நாள் உட்கார்ந்தவர் அவர். நான் இரண்டு முறை ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்.

மகேஸ்வரிதான் பேசினாள். "விழுகாம ஓட்டத்தேன் அளவெடுக்கக் கேக்குறேன். ஆகாதுன்னு அவுக சொல்லிட்டா சைக்கிள வித்துருவோம். சாக்குக்குப் பின்னாடி அது நிக்கிறதப் பாத்துக்கிட்டே இருக்க என்னால ஆகலங்க."

சேகர் உள்ளே போய் எக்ஸ்ரே உறையோடு வந்தார். கடையை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு, "நானும் வர்றேன். எங்கன வலிக்குதுன்னு கேட்டா இவ பாதிய மறைச்சிருவா" என்றார்.

ஷீபா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், படுக்க வைத்து அளந்தார். வலது கால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாகக் குட்டை. அன்று சைக்கிள் ஏறியபோது இடுப்பு ஏன் வலித்தது என்று அவர் விளக்கியது எனக்கு நன்றாகப் புரிந்தது. எட்டாத பெடலை எட்ட ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பு வலப்பக்கம் சரிந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று! உடம்பு தாங்குமா?

சீட்டைக் குட்டைக் காலுக்கு ஏற்ப இறக்கினார். பெடல் தண்டு இரண்டையும் நீளம் குறைந்ததாக மாற்றினார், அப்போதுதான் நீளமான கால் அதிகம் மடங்காது. வலது செருப்படியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்துக் கட்டினார். குறைந்த அளவு முழுவதையும் ஈடுகட்டவில்லை, பாதிதான். "மூணு வருசமா உடம்பு ஒரு மாதிரி பழகிருச்சு அக்கா. ஒரே நாள்ல மாத்துனா வேற எங்கேயாவது வலிக்கும்" என்றார். மகேஸ்வரி மிதித்தாள். சேகர் அவள் காலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "வலிக்குதா?" என்று மூன்று முறை கேட்டார். "வலிச்சா சொல்ல மாட்டேனா?" என்றாள். "சொல்ல மாட்ட" என்றார்.

மேகமலை இல்லையென்று ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை தேனியிலிருந்து சின்னமனூர் வரை அண்ணனும் தங்கையும் ஓட்டுவது என்று முடிவானது. வீரபாண்டி எட்டு கிலோமீட்டர். அங்கிருந்து நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி உப்புக்கோட்டை, குச்சனூர் வழியாகப் போனால் வாகனம் குறைவு. முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள், தென்னந்தோப்பு, கொடிப்பந்தலில் திராட்சை, இரண்டு பக்கமும் மலை. மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர் போல வரும், ஏற்றமே கிடையாது. புதிதாக அளவெடுத்தவர்களுக்கு இதைவிட நல்ல சாலை இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

சேகர் எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் மெதுவாக வந்துகொண்டிருந்தார். வீரபாண்டி வரை மகேஸ்வரி நன்றாகத்தான் ஓட்டினாள். உப்புக்கோட்டைச் சாலையில் திரும்பியதும் அவள் தோள்கள் காதுவரை ஏறியிருப்பதைக் கவனித்தேன். கைப்பிடியை நெரித்துப் பிடித்திருந்தாள். இடுப்பு வலிக்கிறது போல என்று நினைத்து நிறுத்தச் சொன்னேன். காலை ஊன்றி நின்றாள். சேகரும் வந்து நின்றார்.

"வலி வந்துருச்சா? நான் சொன்னேன்ல..."

"வலி இல்லங்க." மூச்சு வாங்கினாள். "பின்னாடி வண்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அன்னைக்கும் இப்படித்தேன் கேட்டுச்சு."

சேகரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளைக் காப்பாற்றத்தான் பின்னால் வந்தார். மூன்று வருடமாக அவளிடம் காலைப் பற்றிக் கேட்ட நாங்கள் யாரும் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"நான் முன்னாடி போகவா?" என்றார் கடைசியில்.

"கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிருங்க. சின்னமனூர்ல டீ சொல்லி வைங்க."

அவர் வண்டியைக் கிளப்பினார். திரும்பிப் பார்க்காமல் போக அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று வளைவு வரை அவர் முதுகைப் பார்த்தபோது தெரிந்தது. அதன் பிறகு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ கேட்க, மகேஸ்வரி கையசைத்தாள். ஒற்றைக் கையால் ஓட்டுகிறாளே என்று எனக்குத்தான் பதறியது. சின்னமனூர் சேர்ந்தபோது டீ ஆறிப்போயிருந்தது. சேகர் அதைக் கொட்டிவிட்டு வேறு சொன்னார்.

பைக் ஃபிட்டிங்குக்குத் தேனி வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்கூட்டியே போனில் நேரம் வாங்கிவிடுங்கள், ஒருவருக்கு அரை நாள் பிடிக்கும். வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது ஷூவையே கொண்டுபோங்கள், புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் அளவு தப்பும். பழைய அடி, அறுவை எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள், படம் இருந்தால் எடுத்துப் போங்கள். வலி கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவர், பிறகுதான் சைக்கிள். நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்: அளவெடுத்த மறுநாளே மலையேறத் திட்டம் போடாதீர்கள். மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து அடிவாரச் சோதனைச் சாவடி சுமார் பத்து கிலோமீட்டர். யானை நடமாட்டத்தைப் பொறுத்து சைக்கிளை அனுப்புவதும் அனுப்பாததும் அன்றன்றைக்கு மாறும். முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

பங்குனியில் மறுபடி போனேன். ஷீபா என் சீட்டை இன்னும் ஒரு நூல் உயர்த்தினார். அறுபது கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டியும் முழங்கால் சும்மா இருக்கிறது. விரல்கள் எப்போதாவது மரக்கின்றன, கையை மாற்றிப் பிடித்தால் சரியாகிவிடும். அந்த ஞாயிறு காலை சாவடி திறந்ததும் மேகமலை ஏறத் தொடங்கினேன். மகேஸ்வரி சின்னமனூரிலிருந்து அடிவாரம் வரை வந்து அங்கேயே திரும்புவதாகப் பேச்சு.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் குடிக்க நின்றேன். கீழே சாலையில் ஒரு சைக்கிள் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டி எதுவும் இல்லை. அவள்தான். வளைவுக்கு வந்து சேர்ந்து, இறங்கி, முகத்தைத் துடைத்தாள்.

"மாப்பிள்ளை எங்கே?"

"கடையில. இன்னைக்குச் சரக்கு வருதுல்ல."

மேலே இன்னும் பதினைந்து வளைவு. போகலாம் வா என்று வாய் வரை வந்தது. அவள் வலது தொடையை அழுத்திப் பார்த்தாள், மேலே சாலையைப் பார்த்தாள், சைக்கிளைத் திருப்பினாள்.

"இன்னைக்கு இது போதும்ணே. இறங்குறப்ப பிரேக்கு பிடிக்கத் தெம்பு வேணும்ல? நீ போயிட்டு வா."

அவள் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தோள்கள் தளர்ந்திருந்தன. இரண்டாவது வளைவில் கீழிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. அவள் ஓரம் ஒதுங்கி, அது போக வழிவிட்டு, மறுபடி சாலைக்கு வந்தாள்.